குண்டு விழுந்த ஊர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் யாரோ பிறந்தநாளுக்கு அணுகுண்டு வெடித்தார்கள். கேக் வெட்டினார்கள், கைதட்டினார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அழைக்காத விருந்தாளியாக நான் தள்ளி நின்று மருந்து வாசனையை இழுத்துக்கொண்டிருந்தேன். பட்டாசு மருந்தும் உப்புக்காற்றும் கலந்தால் எனக்கு இருபத்து மூன்று வயதாகிவிடும். சிலருக்கு மல்லிகை, எனக்கு இது. என்ன செய்ய?

இதே மணலில்தான் அந்த நாடகத்தைப் போட்டோம். வெள்ளைக்காரன் மராட்டியரிடம் இங்கே கோட்டை வாங்கிய கதை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டியது. குண்டு விழுகிற தூரம் வரை எல்லா ஊரும் அவனுக்கு. நிலம் அளக்க இப்படியும் ஒரு கோல்! எங்கள் பீரங்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்த தென்னந்துண்டு. அதன் பின்னால் பள்ளம் தோண்டி அணுகுண்டு வைப்போம். பீரங்கிக்காரன் என் ஆபீஸ் நண்பன் குமார். முகத்தில் அப்பிய பவுடர் வியர்வையோடு கண்ணுக்குள் வழிய வழிய, அழுதுகொண்டே நாடு பிடித்த ஒரே வெள்ளைக்காரன் அவனாகத்தான் இருப்பான்.

எனக்கு ஒரே வேலை. வெடித்ததும் மணல்மேட்டில் ஏறி, குண்டு விழுந்த ஊரின் பெயரைக் கூவ வேண்டும். முதுநகரில் அறை எடுத்துத் தங்கி, ஆபீஸில் "தம்பி, அந்த ஃபைலு" என்பதைத் தவிர வேறு பேச்சு கேளாதவனுக்கு, அத்தனை பேர் முன்னால் கூவக் கிடைத்தது பெரிய விஷயம்.

முதல் நாள் "மஞ்சக்குப்பம்!" என்றேன். கூட்டம் கலங்கும், சோகமாக வயலின் வாசிக்கலாம் என்று எழுதிவைத்திருந்தார் சார். சார் என்றால் நாடகத்தை எழுதி நடத்திய வரலாற்று ஆசிரியர். கூட்டத்தில் இருந்த மஞ்சக்குப்பத்துக்காரர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். "புதுப்பாளையம்!" அதற்கும் விசில். பறிபோன ஊரெல்லாம் கோப்பை ஜெயித்த ஊர் மாதிரிக் குதித்தது. வயலின்காரர் வில்லை மடியில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். முடிந்ததும் நாலு பேர் சாரை மறித்தார்கள்.

"நெல்லிக்குப்பத்துலேந்து வந்திருக்கோம். எங்க ஊரு பேர ஏன் சொல்லல?"

"அவ்ளோ தூரம் குண்டு வராதுங்க."

"மருந்த ஜாஸ்தியா போடுங்க சார். மஞ்சக்குப்பத்துக்கு மட்டும் என்னா கொம்பா மொளச்சிருக்கு?"

மறுநாள் குண்டு நெல்லிக்குப்பம் போயிற்று. அதற்கு மறுநாள் குள்ளஞ்சாவடி.

கேலியாகத்தான் பார்த்தேன் அவர்களை. பொறாமையாகவும் இருந்தது. பெயரைச் சொன்னால் எழுந்து நிற்க ஆள் இருக்கிறதே.

அப்பாவுக்குச் சிதம்பரம் கீழவீதியில் பாத்திரக்கடை. கடையைப் பார்க்காமல் கடலூரில் தற்காலிக வேலைக்குப் போய்விட்டேன் என்று என்னோடு பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. நாடகம் பார்க்க வரச்சொல்லிக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அம்மாதான் பக்கத்து வீட்டு போனில், "கடைசி நாளைக்கு வருவாரு போலருக்குடா, சட்டய எடுத்து வெக்கச் சொன்னாரு" என்றாள்.

அன்று மேட்டில் நின்று கூட்டத்தைத் துழாவினேன். சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்திருந்த முகங்களெல்லாம் ஒரே கறுப்பு. அணுகுண்டு வெடித்தது. பட்டியலில் இல்லாத பெயர் வாயில் வந்தது.

"சிதம்பரம்!"

ஒரு விசில் இல்லை. அலை மட்டும் வந்து போயிற்று. பிறகு எவனோ, "யோவ், குண்டு பஸ் புடிச்சா போச்சு?" என்றான். கடற்கரையே சிரித்தது. குமார் பீரங்கி மேல் சாய்ந்துவிட்டான். "சொந்த ஊரயே வித்துட்டியேடா மச்சான்!" நானும் சிரித்தேன். சிரிக்காமல் அந்த மேட்டிலிருந்து எப்படி இறங்குவது?

அப்பா வரவில்லை என்று முடிவு கட்டி, அந்தக் கோபத்தில் தீபாவளிக்கும் ஊருக்குப் போகவில்லை. பொங்கலுக்குத்தான் போனேன். கடையில் பித்தளைக் குடங்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர். அவரே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு வந்திருந்தேன்டா. ஐஸ் வண்டிகிட்ட நின்னேன். நம்ம ஊரு பேரச் சொன்ன."

"அப்ப ஏம்ப்பா ஒண்ணுமே..."

"எனக்கு விசிலடிக்கத் தெரியாதேடா." குடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கையாவது தட்டலாம்னு பாத்தேன். அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சியா, சரி, வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கன்னு பஸ் ஏறிட்டேன்."

வெளையாட்டுக்கு இல்லப்பா, உங்களத்தான் கூப்புட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓர் அம்மாள் இட்லிப் பானை கேட்டு வந்தார். அப்பா பரணிலிருந்து மூன்று பானைகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மணல்மேடு கடலோடு போயிற்று. சாரும் போய்ச் சேர்ந்தார். குமார் எந்த ஊரில் இருக்கிறானோ. அப்பா போன பிறகு கடையும் கைமாறி, அங்கே இப்போது செல்போன் சாமான்கள் விற்கிறார்கள். போனமுறை ஊருக்குப் போனபோது உள்ளே நுழைந்து, தேவைப்படாத ஒரு சார்ஜரைக் கேட்டு, அது வருகிறவரை அப்பா உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேற எதாச்சும் வேணுமா சார்?" என்றாள் கடைப் பெண்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.