தம்பி பக்கத்தில் ஒரு இடம்

இன்று காலை கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பாசனச் சானலில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. அந்தச் செம்மண் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

அன்றும் இதே வாசனைதான். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க அம்மா வெள்ளைச் சேலையில் கரையில் நின்றாள். அப்படி முழுக்கு எடுப்பவர்களை எங்கள் சபை நீக்கிவிடும். கல்லறைத் தோட்டத்திலும் இடம் கிடையாது. பிறந்த மாதமே இறந்துபோன என் தம்பி அங்கேதான் கிடந்தான்.

"குழந்தையில உனக்க நெத்தியில தெளிச்ச தண்ணி போதாதாட்டி?" என்றார் அப்பா.

"அது எனக்க அம்மைக்க விசுவாசம். இப்போ விசுவாசிக்கது நான். நான்தானே கீழ்ப்படியணும்?"

"பிள்ளைக்க பக்கத்துல படுக்க முடியாது, பாத்துக்க."

அம்மா வெகுநேரம் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீரில் இறங்கினாள். போதகர் அவளை முக்கி எடுத்தார்.

கரையேறியவளுக்கு அப்பாதான் தோளில் கிடந்த துவர்த்தை நீட்டினார். "தலைய நல்லா துடையிட்டி, தடுமன் பிடிச்சிரும்."

அம்மா நடுங்கிக்கொண்டே கேட்டாள். "நீங்களும் ஒருநாள் இறங்குவியளா?"

"ரெண்டுபேரும் முங்கினா அவன்கூட ஆருட்டி கிடப்பா?"

அம்மா போய்ப் பல வருடமாகிறது. சானலுக்கு அக்கரையில், முழுக்குக்காரர்களின் நிலத்தில் அவளைப் புதைத்தோம்.

குழி வெட்டுகிறவர்களில் ஒருவர் தம்பியின் சின்னச் சிலுவையைக் காட்டினார். "ரொம்ப ஒட்டிப்போச்சு மக்கா. கொஞ்சம் தள்ளி வெட்டட்டா?"

"வேண்டாம் அண்ணா, ஒட்டியே இருக்கட்டும்" என்றேன்.