உப்புமாக் காந்தல்

விசாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது பக்கத்திலிருந்தவர், வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற பாக்கெட் சோள உப்புமாவைப் பிரித்தார். அந்த வாசனையில் அந்தமானின் ரங்கத் பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகை திரும்பி வந்தது. இப்போது அந்த இடத்தில் பஸ் நிற்கிறது.

அங்கே என் அம்மாதான் சமையல்காரி. மஞ்சள் மக்காச்சோள ரவையை அண்டாவில் கொட்டி, துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் அவள் கிண்டக் கிண்ட, அடியில் பிடிக்கும் காந்தலின் மணத்துக்கு, மழையில் நனைந்த பிள்ளைகள் எல்லோரும் கூரையோரம் ஒண்டி நிற்போம். சிரட்டையால் சுரண்டிய அந்தக் காந்தலை, தாயில்லாத வங்காளிப் பையன் நிதாய்க்கே அவள் தினமும் கொடுத்தாள்.

"மாசி, அவுர் தோடா" என்று சித்தி முறை வைத்து அவன் இன்னும் கேட்டுக் குழைவான்.

"லேலோ பேட்டா."

"எனக்கும்மா?"

"போடா அங்கிட்டு. உனக்குத்தான் நான் இருக்கேன்ல."

மகனே என்கிற அந்தப் பேட்டாவை ஒருநாள்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு எப்போதும் 'டேய்'தான். அவன் வாயில் காந்தல் நொறுங்கும் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

அம்மா செத்தபோது நான் மெயின்லேண்டில் எங்கோ திரிந்துகொண்டிருந்தேன். தகவல் தெரிந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தவன் நிதாய். அதிலும் எனக்குப் பொறாமைதான்.