ஒயரின் மறுமுனை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஈஸ்வரனைத் தெரிந்தவர்கள் மட்டும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். இருபது வருசமாக ஒயர்மேன் வேலை பார்க்கிறவன். சுடுகாட்டில் விளக்குக் கம்பம் நட்டிருக்கிறான், பிரேத அறையில் ஃபேன் மாட்டியிருக்கிறான். எதற்கும் அசராத ஆள். அவனுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். நடந்தது நடுச்சாமத்தில் இல்லை. பட்டப்பகலில்.

வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி போகிற ரோட்டில், தேயிலைக் காட்டை ஒட்டி, மின்சாரக் கார்களுக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரை போட்டாகிவிட்டது. ஆள் உயரத்துக்கு இரண்டு சார்ஜர்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் வரிசை கட்டும். அதற்குள் திறந்தாக வேண்டும். மறுநாள் காலையில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். பாக்கி இருந்தது எர்த் சோதனை மட்டும்தான்.

அது பெரிய வேலை இல்லை. எர்த் குழியில் மீட்டரை வைத்துவிட்டு, நீளமான ஒயரின் நுனியை ஒருத்தர் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே மண்ணில் ஒரு கம்பியை அடித்து அதில் ஒயரை மாட்டினால், இங்கே மீட்டரில் கணக்கு காட்டும். ஈஸ்வரன் மீட்டர் பக்கம் உட்கார்ந்தான். கூட வேலை பார்க்கிற ரிஜின் கம்பியும் சுத்தியலுமாகக் கிளம்பினான்.

மதியம் மூன்று மணிதான் இருக்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்து ரோடே தெரியவில்லை.

"கூப்பிட்டா காதுல விழாதுண்ணே," என்றான் ரிஜின். "ஒரு தடவ இழுத்தா கம்பி அடிச்சாச்சுன்னு அர்த்தம். ரெண்டு தடவ இழுத்தா இன்னும் ஒயரு விடு."

"சரி, வெரசாப் போ. மழ வரப் போகுது."

ரிஜின் மேட்டுப் பக்கம் சில்வர் ஓக் மரம் நிற்கிற திசையில் ஏறினான். பத்தடியில் அவன் சட்டை மறைந்தது. ஈஸ்வரன் கையில் பச்சை ஒயர் வழுக்கிக்கொண்டு ஓடியது. நின்றது. மேலே டங் டங்கென்று சுத்தியல் சத்தம். அப்புறம் ஒயரில் ஒரு இழுப்பு.

ஈஸ்வரன் பொத்தானை அமுக்கினான். எண் நிலைக்கவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாகத் துடித்தது. கம்பி சரியாக இறங்கவில்லை போல என்று நினைத்தான்.

அப்போது ஒயரில் இரண்டு இழுப்பு வந்தது.

இடம் மாற்றி அடிக்கிறான் என்று நினைத்து ஒயரை விட்டான். மறுபடி இரண்டு. விட்டான். மறுபடி இரண்டு. இவன் விட விட அது போய்க்கொண்டே இருந்தது. எதேச்சையாகத் திரும்பிப் பக்கத்தில் கிடந்த ஒயர்ச் சுருளைப் பார்த்தான்.

சுருளில் ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்நேரம் ஒயர் மறுபடி அசைந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று.

மூன்று என்று எதுவும் பேசி வைக்கவில்லையே.

"டேய் ரிஜினு!"

கழுத்தை நீட்டி மேட்டுப் பக்கம் பார்த்தான்.

திரும்பவும் மூன்று இழுப்பு. இந்தத் தடவை மெதுவாக. களைத்துப்போன ஆள் இழுப்பது போல.

ரிஜின் எங்காவது விழுந்து கிடக்கிறானா? பாம்பு கீம்பு கடித்துவிட்டதா? போன மாதம்தான் ரிஜினுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மீட்டரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். ஒயரைக் கைக்குக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தான்.

தேயிலைச் செடி இரண்டு பக்கமும் இடுப்பை உரசியது. வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒயர்தான் வழி.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. ரிஜின் ஏறியது மேட்டில். இவன் கால் இறங்கிக்கொண்டிருந்தது.

கையில் இருந்ததும் என்னவோ போல இருந்தது. ஈரமாக... கட்டை விரல் தடிமனில்... ரப்பர் போல.

குனிந்து பார்க்க மனசு வரவில்லை.

காட்டுக்கு அடிக்கிற மருந்து வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

மூன்று இழுப்பு.

கிட்டத்தில் இருந்து.

"ரிஜினு... நீதானா?"

எங்கோ கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம். ரொம்பக் கீழே.

முன்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ஈஸ்வரன் ஒரு காலைத் தூக்கினான்...

"அண்ணே! எங்கண்ணே போற? நான் இங்கல்ல இருக்கேன்!"

ரிஜினின் குரல். பின்னாலிருந்து. நிலையத்துப் பக்கமிருந்து.

கையில் இருந்தது சுண்டி இழுத்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல.

விரலை விரித்தான்.

அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்தான். காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. சத்தமே இல்லை... வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் விழுந்தது.

ரிஜின் செடிகளை விலக்கிக்கொண்டு வந்து அவன் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தான். இரண்டு பேரும் நிலையத்துக் கூரைக்கு அடியில் வந்து சேர்ந்தார்கள்.

"நீ எத்தன தடவடா இழுத்த?"

"ஒரே தடவதாண்ணே. கம்பிய அடிச்சு மாட்டிட்டு, செடி குத்துதேன்னு ரோட்டுப் பக்கமா சுத்தி வந்தேன். பாத்தா உன்னக் காணோம். பள்ளத்துப் பக்கமிருந்து உன் குரல் கேட்டுச்சு."

மூட்டம் கொஞ்சம் விலகியதும் பார்த்தார்கள். பச்சை ஒயர் எர்த் குழியிலிருந்து மேட்டுக்கு நேராகப் போய், ரிஜின் அடித்த கம்பியில் மாட்டிய இடத்திலேயே இருந்தது. யாரும் அதைத் தொட்ட மாதிரி இல்லை. ஈஸ்வரன் போனது அதற்கு நேர் எதிரே, பள்ளத்தின் விளிம்புக்கு. அந்தப் பக்கம் ஒயரும் இல்லை, கயிறும் இல்லை. மீட்டரை மறுபடி அமுக்கினான். எண் ஆடாமல் அசையாமல் நின்றது.

ராத்திரி சோறு போட்ட அவன் பெண்டாட்டி ராமலட்சுமி முகத்தைச் சுளித்தாள். "ஒயர் வேலைக்குப் போனீகளா, காட்டுக்கு மருந்தடிக்கப் போனீகளா? கையெல்லாம் இந்த வாடை வருது." சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினான். போகவில்லை.

மறுநாள் ஆய்வு நல்லபடியாக முடிந்தது. அதிகாரி போன பிறகு, நிலையத்துக்குக் காவல் இருக்கிற சந்தனத்திடம் ஈஸ்வரன் நடந்ததைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான். சந்தனம் முன்னாளில் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தவர். கேட்டுக்கொண்டே வந்தவர், பீடியைக் கீழே போட்டார்.

"எத்தன இழுப்புன்ன?"

"மூணு."

சந்தனம் பள்ளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்தடிக்கையில பம்பு ரோட்டோரம் நிக்கும். ஒருத்தன் ரப்பர் ஹோஸ் நுனியப் புடிச்சுக்கிட்டு உள்ள போவான். மூட்டத்துல ஆளு தெரியாதுல்ல, ஹோஸ இழுத்துத்தான் சேதி சொல்றது. இங்க மொக்கையன்னு ஒருத்தன்... ஒரு நாள் காலையில ஹோஸோட போனவன், பள்ளத்துல விழுந்துட்டான். மத்தியானம் பாடியத் தூக்கிட்டு வந்து லயத்து வீட்டுல கெடத்தியாச்சு. சாயந்தரம் ஹோஸச் சுருட்டலாம்னு நாங்க நாலு பேரு வந்தோம். சுருட்ட ஆரம்பிச்சதும் அந்தப் பக்கத்துல இருந்து இழுத்துச்சுப்பா. மூணு தடவ."

"மூணுன்னா என்னண்ணே அர்த்தம்?"

சந்தனம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"கை ஓஞ்சு போச்சு, எனக்குப் பதிலா ஆள் அனுப்புன்னு அர்த்தம்."