தாய்மாமன் முகம் எவ்வளவு பெரிது

காலை எட்டு மணிக்குக் கடலூரில் பேருந்து ஏறினேன். சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள்ளேயே பொறுமை போய்விட்டது. வழியெல்லாம் சாலை வேலை. பத்து மணிக்குள் போய்விடுமா என்று நடத்துனரைக் கேட்டேன்.

“நான் என்னம்மா, வண்டிய தூக்கிக்கிட்டா ஓடறது? போறப்ப போவும்.”

கடலூரில் சின்னதாக ஒரு டிசைன் அலுவலகம் நடத்துகிறேன். கடைப் பலகை, லேபிள், அழைப்பிதழ் என்று வேலை குவிந்து கிடக்கிறது. சிதம்பரத்தில் டிசைன் படிக்கும் கடைசி வருட மாணவர்களில் ஒருவரை வேலைக்கு எடுக்கத்தான் இந்தப் பயணம்.

பத்தரை மணிக்குக் கல்லூரியில் உட்கார்ந்தேன். “உங்களைப் பாதித்த டிசைனர் யார்?” முதல் பையன் ஒரு வெளிநாட்டு மேதையின் பெயரைச் சொன்னான். இரண்டாவது பெண்ணும் அவரையே சொன்னாள். ஐந்தாவது ஆள் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன். வேலைகளும் அச்சு அசலாக ஒன்றுதான்: வெள்ளைத் தாள், மூலையில் பொடி எழுத்து, நடுவில் ஒரு சிவப்பு வட்டம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியாக வந்தவள் கீரப்பாளையத்து ரம்யா. அவளும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் விடாமல் அடித்தது. எடுத்துத் தொலை என்றேன். மறுமுனையில் அவள் மாமா கத்தியது எனக்கே கேட்டது. சித்தி குழந்தையின் காதணி விழாவுக்கு ரம்யா செய்த பேனரில், தாய்மாமனான தன்னைவிடக் குழந்தையின் சித்தப்பா பெரிதாக இருக்கிறாராம்.

“மாமா, அவரு தலப்பா கட்டியிருக்காரு, அதான் பெருசா தெரியுது. மொகத்த அளந்து பாருங்க, உங்களோடதுதான் பெருசு. இன்னும் பெருசாக்குனா புள்ள பேரு கண்ணுக்கே தெரியாது. காது குத்தறது யாருக்கு, உங்களுக்கா புள்ளைக்கா?”

அன்று முழுக்க நான் கேட்ட ஒரே டிசைனர் பேச்சு அதுதான். பேனரைப் போனில் வாங்கிப் பார்த்தேன். பதினேழு முகங்கள் இருந்தும் குழந்தையின் பெயர்தான் முதலில் கண்ணில் பட்டது. “இதை உன் ஃபைலில் முதல் பக்கமாக வை, வேலை உனக்குத்தான்” என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது.

“வேணாங்க மேடம். ஊருல எல்லாரும் என்னைய பேனர் பொண்ணுன்னுதான் கூப்புடறாங்க. அதுலேர்ந்து வெளிய வரத்தான மேடம் படிக்கறேன்?”

“அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுந்து வந்துவிட்டேன். என்ன திமிர் என்று பேருந்து நிலையம் வரை புலம்பினேன்.

மூன்று மணி பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் எரிச்சல் அடங்கவில்லை. பி.முட்லூர் வந்தபோதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளைகளெல்லாம் யாரோ ஒருவரைப் போல ஆகப் பார்க்கிறார்களே என்று காலையெல்லாம் பொருமினேன். ஒருத்தி நான் சொன்னபடி ஆக மறுத்ததும் அவளைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கிறேன். கல்லூரியில் தந்த பட்டியலைப் பார்த்து அவளுக்குப் போன் செய்தேன்.

“திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு. பேனர் வேண்டாம்.”



“அப்ப மொத பக்கத்துல எத வெக்கட்டும் மேடம்?”

வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன்.

“அதை நீதான் சொல்ல வேண்டும்” என்றேன்.