கை பத்தாத மஞ்சள் சட்டை

போன வருடம், என் மகனுக்கு ஒரு வயது முடிந்திருந்த சமயம். பாகூரிலிருந்து பஸ் ஏறி, வில்லியனூர் பக்கம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பிரசவத்துக்காக வேலையை விட்ட பிறகு எனக்கு வந்த முதல் அழைப்பு. கடைகளுக்கான மென்பொருள் செய்கிறார்கள். அதன் தகவல்களைச் சேமிக்க மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களில் எது சரி என்று ஒப்பிட்டு எழுதி அனுப்பச் சொன்னார் மேலாளர். அதைப் பார்த்துத்தான் வேலை என்றார். இரண்டுமே இலவசம் என்பதால் விலையை வைத்து முடிவு சொல்லிவிட முடியாது.

மதிய நேரங்களில் காலால் ஏணையை ஆட்டிக்கொண்டே எழுதினேன். எழுதியதைவிட அழித்ததுதான் அதிகம். கடைசியில் மகன் சட்டையை வைத்தே விளக்கினேன். கை பத்தாமல் போன மஞ்சள் சட்டைக்குப் பதில் புதுசு வாங்குகிறோம். ஒரு தகவலை மாற்றுவதும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸ் பழையதையும் அதே அலமாரியில் விட்டுவைக்கும். தேவைப்பட்டால் சட்டென்று கைக்குக் கிடைக்கும், ஆனால் அவ்வப்போது ஒதுக்காவிட்டால் அலமாரி பிதுங்கும். மைஎஸ்கியூஎல் புதியதை அந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பழையதைப் பரணில் போடும். அலமாரி சுத்தமாக இருக்கும், பழையது வேண்டுமென்றால் பரண் ஏற வேண்டும். அவர்கள் எடுக்கும் சிக்கலான அறிக்கைகளுக்குப் போஸ்ட்கிரெஸ் பொருந்தும், ஒதுக்கும் வேலையை மட்டும் முதலிலேயே திட்டமிடுங்கள் என்று முடித்தேன்.

எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

"ரெண்டுலயும் நல்லது இருக்குது, கெட்டது இருக்குதுன்னு எழுதினா எவன்டி வேலை குடுப்பான்?" என்று கணவர் கிண்டல் செய்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பிறகு இன்னொரு இடத்தில் கூப்பிட்டபோது, குழந்தைக்குச் சளி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். அவனுக்குச் சளி எதுவும் இல்லை.

இந்த வருடம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அதே நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் கேட்க லேப்டாப்போடு வந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த பாடத்தில் மஞ்சள் சட்டை, அலமாரி, பரண் எல்லாம் அப்படியே இருந்தன. கீழே மேலாளரின் பெயர்.

"எங்க சார் எழுதினதுதான்க்கா. இத வச்சுத்தான் கம்பெனியே போஸ்ட்கிரெஸுக்கு மாறுச்சாம். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவல, புள்ளத் துணி பத்தி எப்புடித்தான் தெரியுதோ" என்று சிரித்தாள்.

நான் போய்க் கேட்டால், காட்டிக்கொடுத்தது இவள்தான் என்று தெரிந்துவிடும். இவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சந்தேகத்தைத் தீர்த்து, காபி கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றால் எப்படியோ மறந்திருப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானே நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.