சீனி சித்தப்பாவின் நிஜக் கொக்கிகள்

மலேசியாவின் ஈப்போ நகரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் என் சித்தப்பா சீனி, உலகத்து மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். மாடல் ரயில் பெட்டிகளுக்குச் சரியான கொக்கி மாட்டுகிறவர்கள் ஒரு வகை. மற்ற எல்லாரும் இன்னொரு வகை. முதல் வகையில் இப்போதைக்கு அவர் மட்டும்தான் இருக்கிறார்.

பொம்மை ரயில் என்று அவர் காதுபடச் சொல்லக்கூடாது. சித்தி கலாதேவி கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் சொல்கிறார்.

இந்தக் கொக்கி விஷயத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். ரயில் பெட்டியின் இரு முனையிலும் மடங்கிய கையைப் போல ஓர் இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். கப்ளர் என்பார்கள். ஒரு பெட்டியின் கை அடுத்த பெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் ரயில். மாடல் பெட்டிகளுக்கு விற்கும் கப்ளர்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. பிடி நழுவக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அடியில் வளைந்த கம்பி ஒன்றும் தொங்கும். தண்டவாளத்துக்குக் கீழே காந்தம் வைத்தால் அந்தக் கம்பி அசைந்து பிடி தானாகத் திறக்கும். நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சித்தப்பாவுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும்.

"நெஜ ரயிலுக்கு அடியில ஆட்டுத் தாடி தொங்குதா? சொல்லு பார்ப்போம்! கையைப் பாரு, நண்டு கை மாதிரி. இதையெல்லாம் கண்ணு உள்ளவன் மாட்டுவானா?"

அவர் கண் எப்படிப்பட்டது என்றால், எங்கள் ஊரான சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் சிமெண்டு ஏற்றும் ரயில் நிற்கும்போதெல்லாம் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய்க் கொக்கியை மட்டும் படம் எடுப்பார். பெட்டியை எடுக்கமாட்டார். இஞ்சினையும் எடுக்கமாட்டார். அவருடைய கைப்பேசியில் முந்நூறு கொக்கி இருக்கிறது. சித்தியின் படம் ஒன்று இருக்கிறது, அதிலும் பின்னால் ரயில் நிற்கிறது.

தேர்வுக்கு மூன்று வகைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். முதலாவது நன்றாகப் பிடித்தது, ஆனால் கழுத்து நீளம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம் போல இடைவெளி விழுந்தது. இரண்டாவது அளவில் சரி, பிளாஸ்டிக் பளபளப்பு பிடிக்கவில்லை. மூன்றாவது உலோகம். நிஜக் கொக்கியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படியோ அப்படியே இருந்தது. பிடிப்பு மட்டும் மூன்றில் இதற்குத்தான் மோசம். இழுத்துப் பார்த்த எனக்கே அது தெரிந்தது. அதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார்.

"என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ இந்த மனுசன் இவ்வளோ விசாரிக்கல லா" என்றார் சித்தி.

"ஒன் தங்கச்சிக்குக் கழுத்து நீளம்னு நான் அப்பவே சொன்னேன்."

கொக்கியைப் பூட்டுவதும் லேசுப்பட்ட வேலையில்லை. ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் கொக்கியை நடுவில் நிறுத்தும் தகடு, கொக்கியின் நுனியில் திறந்து மூடும் விரல் மடங்க ஒரு சுருள் வில். அந்த வில் கடுகை விடச் சிறியது. இடுக்கி கொஞ்சம் வழுக்கினால் எங்கேயோ பறந்துவிடும். அதனால் ஐஸ் கட்டி வாங்கும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு உட்கார்ந்திருப்பார். வாசலில் யார் வந்தாலும் எழுந்திருக்கமாட்டார். எண்ணெய் போடக்கூடாது, தூசி ஒட்டும். பென்சில் கரியைச் சுரண்டித்தான் தடவ வேண்டும் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இத்தனையும் எதற்கு என்றால், ஜுபைர் நானாவின் மேசைக்காக. ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜுபைர் நானா, கடையின் மாடியில் அறை முழுக்கத் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார். ஊரில் மாடல் ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். அந்த மேசையில் குன்று உண்டு, ரப்பர் தோட்டம் உண்டு. மரங்கள் எல்லாம் சட்டி தேய்க்கும் பச்சை நாரில் செய்தவை. அங்கே ஒரே விதிதான்: எல்லாப் பெட்டிக்கும் பெரிய கொக்கி.

சித்தப்பாவுக்கு அந்த மேசையில் தன் மாடல் சிமெண்டு ரயில் நிரந்தரமாக ஓட வேண்டும். தன் கொக்கியோடு ஓட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"சீனி, எங்க கொக்கி அழகில்லதான். ஆனா இழுக்கும் லா" என்றார் நானா.

"மாடுகூடத்தான் இழுக்கும் நானா. அதைக் கட்டி விடுறதுதானே?"

நானா சிரித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் பார்க்க வருவார்கள். சித்தப்பாவின் பன்னிரண்டு பெட்டிகளும் குன்று ஏறி இறங்கி, அறுபடாமல் ஒரு சுற்று வந்துவிட்டால் அவர் கொக்கியோடே மேசையில் இருக்கலாம். அறுந்தால் எல்லாப் பெட்டிக்கும் பெரிய கொக்கி மாட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

ஞாயிறு காலை சித்தப்பா குளித்து, ரயிலைச் சாமி மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். புதுக் காடி, அதாவது கார், வாங்கினால் செய்வோமே, அதே பூசை. இஞ்சினின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க முடியாது என்று ஒரு சுளையை வைத்தார். பிறகு சந்தனம் குழைத்து, இஞ்சின் நெற்றியில் பொட்டு வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். எது தன் ரயிலின் பெருமையோ அதற்குப் பொட்டு இல்லாமலா என்று, ஒவ்வொரு கொக்கிக்கும் மோதிர விரலால் தொட்டுத் தொட்டு வைத்தார். எண்ணெய் ஆகாது, கை வியர்வை ஆகாது என்று ஊரெல்லாம் சொன்ன அதே மனிதர்.

ஈப்போ போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்துவிட்டது.

மாடியில் நல்ல கூட்டம். சமதளத்தில் ரயில் அழகாகத்தான் போனது. சித்தப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சீனரிடம், "லிஹாட்! லிஹாட்!" என்று, பார் பார் என்பதை மலாயில் சொல்லி, கொக்கியைக் காட்டினார். குன்றில் பாதி ஏறியதும் ஏழாவது பெட்டியின் பின்கொக்கி விரல் மெல்லத் திறந்தது. காய்ந்த சந்தனம் அதை முழுக்க மடங்கவிடவில்லை. முன்பாதி ரயில் நிம்மதியாக மேலே போய்விட்டது. பின்னால் இருந்த ஐந்து பெட்டிகளும் கீழே உருண்டு, வளைவில் தடம் புரண்டு, நானாவின் ரப்பர் தோட்டத்தில் நாலு வரிசை மரத்தைச் சாய்த்தன.

"ரப்பர் விலை விழுந்ததுக்கு அப்புறம் எல்லாத் தோட்டத்தையும் இப்படித்தான் அழிச்சாங்க" என்றார் நானா. கூட்டம் சிரித்தது.

"ஒங்க குன்னு செங்குத்தா இருக்கு நானா. நெஜ ரயில் இப்படி ஏறாது!"

"ஏழு பெட்டி ஏறுச்சே, அது என்னா, பொய் ரயிலா?"

எங்களோடு வந்திருந்த சித்தி கீழே குனிந்து ஒரு பெட்டியை எடுத்து, கொக்கியை நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக உதிர்ந்தது. கணவரிடம் நீட்டினார். "இந்தா, பிரசாதம்."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குன்றின் சரிவைப் பற்றியே பேசினார். ஒரு வாரம் வரை, இனி அந்த மேசைப் பக்கமே போகமாட்டேன், அந்த நண்டுக் கூட்டத்தோடு எனக்கென்ன என்றார். அடுத்த வாரம் பிளாஸ்டிக் பை வெளியே வந்தது. என்ன செய்கிறார் என்று நான் எட்டிப் பார்த்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு பெரிய கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருடைய பன்னிரண்டு பெட்டிகளும் நானாவின் மேசையில் ஓடுகின்றன. இடையில் எல்லாம் நண்டுக் கைகள். ஓடும்போது யாரும் அங்கே பார்ப்பதில்லை. கடைசிப் பெட்டியின் பின்முனையில் மட்டும் அந்த உலோகக் கொக்கியை விட்டுவைத்திருக்கிறார். நானாவும் அதற்கு மட்டும் சரி என்று சொல்லிவிட்டார். வருகிறவர்கள் குனிந்து, அடடா, நிஜம் மாதிரியே இருக்கிறதே என்று படம் எடுக்கிறார்கள். சித்தப்பா அந்தப் பக்கமாகத்தான் நிற்கிறார், எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்கத் தயாராக.

அந்தக் கொக்கி இன்றுவரை ஒருமுறைகூட நழுவவில்லை. அதற்குப் பின்னால் இழுப்பதற்கு எதுவும் இல்லை.