அண்ணனும் வேனில் இருந்த சிங்க்கும்

இந்த நினைவு மலரைப் பிரித்தவர்கள் முதலில் அண்ணனின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் அவர் தோளில் கிடப்பது துண்டு அல்ல. தண்ணீர் வடிகட்டும் துணி. வேனின் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தவரை என் மகள் நந்தினி "மாமா" என்று கூப்பிட, அவர் திரும்பிய நேரத்தில் எடுத்தது. வேட்டி சட்டையோடு நல்ல படம் ஒன்று இருக்கிறதே என்றேன். அண்ணி இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த வேனில் இருந்த சிங்க்தான் கண்முன் வருகிறது. இது என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை என்னால் முடிக்க இயலாது.

அண்ணன் பிறந்தது தேசூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில். அவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா தவறிப்போனார். படிப்பை விடாமல், விடுமுறை நாட்களில் பம்புசெட் மோட்டார்களைச் சரிபார்த்துக் கொடுத்து வீட்டை நடத்தினார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவரும் அவர்தான். செய்யாறு தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை கிடைத்ததும் குடும்பம் ஆரணிக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார்.

எங்களுடையது சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. மாலை ஷிப்டில் உணவு இடைவேளை இருட்டியபின்தான் வரும். அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்ப்பார். எங்கள் பக்கம் சமணர்களை நயினார் என்பார்கள். அவருடைய நண்பர்கள் கேலி செய்வார்களாம்: "நயினாரே, சூரியனுக்கு ஓ.டி. குடுத்து இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்தி வெக்கலாமா?" அண்ணன் அதை வீட்டில் வந்து சொல்லி அவரே அதிகம் சிரிப்பார்.

எதையும் திறந்து பார்த்துவிடும் குணம் அவருக்கு. மிக்ஸி நின்றுபோனால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும், அவருக்கு ஆவல் வரும். "ஏன் நின்னுச்சுன்னு கேட்டுப் பாக்கலாம்" என்று திருப்புளியை எடுப்பார். நந்தினிக்குச் சிறுவயதில் வலிப்பு வந்தபோது நான் அழுதுகொண்டு நின்றேன். அவர் மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு தாளில் படம் வரைந்து, என்ன நடக்கிறது என்று எனக்கு விளக்கினார். நான் பயப்படுகிறவள். அவர் பார்க்கிறவர். எங்கள் இருவரையும் அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

ஓய்வுபெற்றதும் ஒரு பழைய டூரிஸ்ட் வேனை வாங்கினார். இருக்கைகளைக் கழற்றி, இரண்டு பேர் படுக்க இடமும் ஓர் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்தார். ஜன்னல் ஓரமாக ஒரு ஃபைபர் சிங்க்கைப் பதித்தார். எங்கே போனாலும் வடிகட்டிய தண்ணீரில் சமைத்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடலாம் என்பது திட்டம். தெருப் பிள்ளைகள் அதற்கு 'கிச்சன் வேன்' என்று பெயர் வைத்தார்கள். நந்தினிக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்த நாட்களில் நான் வாசலுக்கே வரமாட்டேன்.

கடைசிப் பயணம் மேல்சித்தாமூர் சமண மடத்துக்கு. அண்ணன், அண்ணி, நந்தினி, நான். திரும்பும்போது தேசூருக்கு முன்னால் ஒரு டயர் பஞ்சராகி நேரம் போய்விட்டது. டயரை மாற்றி முடிக்கும்போது பொழுது இறங்கத் தொடங்கியிருந்தது. அங்கேயே சாலையோரத்தில் சோறு வைத்தோம். அவசரத்தில் நான் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை நேராக சிங்க்கில் வடித்துவிட்டேன்.

இதைப் படிக்கும் தெரு நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் சூடான தண்ணீரையோ கஞ்சியையோ அப்படியே ஊற்றுவதில்லை. மண்ணிலும் வாய்க்காலிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும் என்பதால், ஆறவைத்துத்தான் ஊற்றுவோம். பிறந்ததிலிருந்து நான் அதை மீறியதில்லை. அன்று மீறினேன். சிங்க்கில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வடிகால் துளையிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு ஓடியிருந்தது. கீழே தண்ணீர் சொட்டியது.

அண்ணன் குனிந்து பார்த்தார்.

"இன்னாத்துக்குப் பயந்துகினு நிக்கிற? அது ஏற்கெனவே விரிசல் வுட்டதுதான். தட்டை எடு, சூரியன் நம்பளுக்காக நிக்காது."

நான்கு பேரும் வேகவேகமாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை அண்ணன் வேனுக்குள் மல்லாந்து படுத்து, கையை மேலே தூக்கி, சிங்க்கின் அடிப்பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்தார். அண்ணி காப்பி கொண்டுபோனபோது அவர் வேனின் படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கார் உடனே வந்தது. ஆனால் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூல் பாவு நீட்டியிருந்தது. கஞ்சி தெளித்துப் பாதி காய்ந்த பாவு. நெசவாளர்கள் யாரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டு முனையையும் அவிழ்த்துத் தரையில் போட்டார்கள். கார் பட்டின் மேலேயே ஏறிப் போனது.

மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. "கையைத் தூக்கி வேலை செஞ்சதாலயா டாக்டர்?" என்று கேட்டேன். அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லையே என்பதுதான் எனக்குக் கேட்டது.

ஓராண்டு இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் கஞ்சியை ஆறவைத்திருந்தால் சிங்க் உடைந்திருக்காது. சிங்க் உடையாமல் இருந்தால் அண்ணன் அன்று காலை அங்கே படுத்திருக்க மாட்டார். வேனை விற்றுவிடலாம் என்று அண்ணியிடம் பலமுறை சொன்னேன். அந்த வண்டியைப் பார்க்கக்கூடாது என்பதுதான் காரணம் என்று அவருக்குத் தெரியாது.

போன மாதம் அண்ணி கூப்பிட்டார். "நெனவு நாளுக்கு எல்லாரும் ஊருக்கு வேன்லயே போவலாம்மா. நந்தினி ஓட்டட்டும். அந்த சிங்க்கை மட்டும் நீ பாத்து சரி பண்ணிடு, உன் கையால."

உன் கையால என்றாரே, தெரிந்துதான் சொல்கிறாரோ என்று நினைத்தேன். மறுக்கவும் வழியில்லை.

நந்தினி வேனுக்குள் படுத்து, அண்ணன் படுத்திருந்த அதே இடத்தில், திருகாணிகளைக் கழற்றினாள். நான் டார்ச் பிடித்தேன்.

"அம்மா, டார்ச்சை ஆட்டாம பிடி. கரகாட்டமா ஆடிகினு இருக்க?"

"ஆட்டலடி."

"இங்க ஒரு டப்பா தொங்குது பாரேன்."

சிங்க்குக்கு அடியில், விரிசலுக்கு நேர் கீழே, வளைத்த கம்பியில் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவை அண்ணன் மாட்டியிருந்தார். சொட்டும் தண்ணீரைப் பிடிக்க. நந்தினி அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள். உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. ஒரு வட்டத்துக்கு மேல் இன்னொரு வட்டம்.

"நம்ம போர் தண்ணிதான். ஆனா ஒரு ராத்திரியில இவ்ளோ படியுமா?"

சிங்க்கை வெளியே எடுத்துக் கவிழ்த்தோம். விரிசல்மேல் இருந்த பசை இரண்டு நிறமாக இருந்தது. மேலே வெள்ளை. அதற்கடியில் பழுப்பேறிய பழையது ஒன்று. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கல்லாக இருந்தது. ஓராண்டாக என்னை வருத்திய பயம் கொஞ்சம் விலகி, அந்த இடத்தில் அண்ணனின் குணம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றியது.

அளவை எடுத்துக்கொண்டு பஜாரில் அண்ணன் வழக்கமாகப் போகும் ஹார்டுவேர் கடைக்குப் போனோம்.

"வேனுக்கு ஒரு சின்ன சிங்க் வேணும் பாய்."

"வேனுக்கா? நயினார் வேனுக்கா?" கடைக்காரர் பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தூசு படிந்த ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். "இதாம்மா. அவரு சொல்லி வெச்சது. அளவு எழுதின சீட்டு உள்ளயே கீது பாருங்க."

"எப்போ பாய் சொன்னாரு?"

"சித்தாமூரு போறதுக்கு முந்தின வாரம். ஃபைபர் ஓரத்துல வுட்டுடுச்சு பாய், ஒட்டி ஒட்டிப் பேஜாராப் போச்சு, ஸ்டீல்ல ஒண்ணு வரவெயுங்க, ஜல்தி இல்ல, போய்ட்டு வந்து மாட்டிக்கிறேன்னாரு. சரக்கு வந்து எறங்கறதுக்குள்ள..."

பாய் பெட்டியின் தூசைத் துடைத்தார்.

"ஒரு வருஷமா சொல்லவே இல்லியே பாய்?"

"துக்கத்துக்கு வந்த எடத்துல, சிங்க் வந்துடுச்சுன்னு எப்டிம்மா சொல்றது? வேற ஆளுக்குத் தரவும் மனசு வர்ல. இந்த அளவுல வேற எவன் கேக்கப்போறான், அது வேற கத."

நந்தினி சிரித்துவிட்டாள். நான் கடை என்றும் பாராமல் அழுதேன்.

சீட்டில் அண்ணனின் கையெழுத்து. நீளம், அகலம், துளை இருக்க வேண்டிய இடம். கடைசியில் ஒரு வரி: 'பழையதுக்கு ஓரத்தில் முட்டு இல்லை, வண்டி ஆட்டத்தில் விரிசல். இந்த முறை மரச்சட்டம்.'

அன்று கேட்ட சத்தம் பொய் இல்லை என்றாள் நந்தினி. ஏற்கெனவே இருந்த விரிசல் சூட்டில் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கஞ்சியை ஆறவைக்காதது என் தவறுதான். அதை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலை அண்ணனுக்காக முன்பே காத்திருந்தது. சூடான கஞ்சி அதை உண்டாக்கவில்லை.

சீட்டில் சொன்னபடி மரச்சட்டம் வைத்து, ஸ்டீல் சிங்க்கை நாங்கள் இருவருமே பொருத்தினோம். கடைசித் திருகாணியை நான்தான் படுத்து, கையைத் தூக்கி முடுக்கினேன். அன்று வேனிலேயே சோறு வடித்தோம். கஞ்சி ஆறும்வரை அண்ணியும் சேர்ந்து மூவரும் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அண்ணனின் இறுதிக் காரியங்களில் உடனிருந்த உறவினர்களுக்கும், கம்பெனி பஸ் நண்பர்களுக்கும், கார் கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். ஒரு பாவு முழுவதும் வீணாகும் என்று தெரிந்தே அதைத் தரையில் போட்ட தெரு நெசவாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு ஒருநாளும் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஓராண்டு ஒரு பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்த பாய்க்கும் நன்றி.

இன்று நினைவு நாளுக்கு வந்திருப்பவர்கள் பொழுது சாயும் முன் உணவருந்த வேண்டுகிறோம். வேன் வாசலில்தான் நிற்கிறது. கை கழுவ அங்கேயே போகலாம்.

'ஏற்கெனவே விரிசல் வுட்டதுதான்' என்று அன்று அண்ணன் சொன்னதை நான் ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.